பெர்னீஸின் வயது

"வண்டி எந்த வருஷத்து மாடல், மிஸ்டர் ஸ்டக்கி?"

போனில் அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆர்லன் ஸ்டக்கிக்குத்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுப்பருகே முட்டை கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நெல்டா கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மலைமேல் டிரெய்லர் வீட்டைக் கொண்டுபோய் நிறுத்திக் கோடை முழுவதும் தங்குகிற பார்க்குகளில் பெரும்பாலும் ஒரு விதி உண்டு. பத்து வயது தாண்டிய வண்டியை உள்ளே விடமாட்டார்கள். ஓட்டை உடைசலெல்லாம் வந்து நின்றால் இடத்தின் லட்சணம் கெட்டுவிடும் என்று பயம். ஆர்லனின் டிரெய்லர், அவர் பெர்னீஸ் என்று பேர் வைத்திருந்தது, பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில்.

"நாலு வருஷம் ஆச்சு," என்றார் ஆர்லன்.

நெல்டாவின் கரண்டி சட்டிக்குள் விழுந்தது. 

"நாலா?" என்றாள் அந்தப் பெண். "கார்டுல போட்டிருக்கோமே, பாத்தீங்களா? எங்க பார்க்ல வண்டி வயசு விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பு. அதாவது எங்க விதி என்னன்னா..."

"விதியெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, மேடம். அதெல்லாம் தெரிஞ்சுதான் கூப்பிடறேன்."

"தெரிஞ்சுதானா?" அவள் குரல் இறங்கியது. "சரி, ஒரு போட்டோ அனுப்புங்க. என் பேரு ட்ரூடி. பாத்துட்டுச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு ஆர்லன் நெல்டாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"நாலு வருஷம்," என்றாள் நெல்டா. "நம்ம பேத்தியோட சைக்கிளே அதைவிடப் பழசு."

"நீ முட்டையைப் பாரு, தீயுது."

முட்டை தீயத்தான் செய்தது.

கோடையில் அரிசோனா பாலைவனத்து யூமாவில் இருப்பது என்பது யூமாக்காரர்களுக்கே ஆகாத காரியம். போன ஜூலையில் தபால் பெட்டி வரை போன நெல்டா அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டாள். அடுத்த கோடைக்கு இந்த அம்மாள் இந்த ஊரில் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஏ.சி.யைப் போட்டுட்டு உள்ளயே இரு," என்று ஆர்லன் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "நாலு மாசம் குளிர்ல அடைஞ்சு கெடக்க நான் என்ன முட்டைக்கோஸா?" என்று கேட்டாள் அவள். அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான். ராத்திரி படுத்தால் காதில் ஓடுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும்.

"இடம் தேடறதை என்கிட்ட விடு," என்று ஆர்லன் குளிர்காலத்திலேயே மார்தட்டினார். தேடவும் செய்தார். ஓரிடத்தில் சரளைக்கல் பெரிது என்றார். ஓரிடத்தில் தரை அரை விரல் சரிவு. இன்னோரிடத்தில் குழாயில் தண்ணீர் அழுத்தம் போதாது, அதைப் பெண்டாட்டி தலை குளிக்கும்போது யார் சமாளிப்பது என்று மேனேஜரையே கேட்டார். இப்படி அவர் பார்க்குகளைக் கழித்துக்கட்டி முடித்தபோது வசந்தம் வந்துவிட்டது. மிச்சமிருந்த பார்க்குகள் அவரைக் கழித்துக்கட்ட ஆரம்பித்தன. கடைசியில் துணி துவைக்கும் கடையின் பலகையில் குத்தியிருந்த ஒரு கார்டு கண்ணில் பட்டது. கொலராடோ மலையில் ஆற்றங்கரை, பைன் மர நிழல், கோடை முழுக்கத் தங்கலாம், வண்டி வயது விதி கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும் என்று அதில் இருந்தது. ஆற்றையொட்டி ஒரே ஒரு இடம் காலி என்று ட்ரூடி சொல்லியிருந்தாள். இதை விட்டால் வேறில்லை.

ஆனால் பெர்னீஸை ஓட்டை உடைசல் என்று சொல்கிறவன் வாயில் புண் வரும். ஆர்லன் அவளைக் கண்டெடுத்தபோது அவளுக்குள் கோழிகள் குடியிருந்தன. பள்ளிக்கூட பஸ் பணிமனையில் தகரம் தட்டியே தலை நரைத்த மனுஷர் அவர். ஓய்வு பெற்றதும் கோழிகளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, அலுமினியத் தகடுகளைக் கழற்றி, தட்டி நிமிர்த்தி, ஒவ்வொரு ரிவிட்டாகத் தன் கையால் அடித்து மாட்டினார். தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினார். உள்ளே ஜன்னல்களுக்கு நெல்டா செர்ரிப் பழம் போட்ட துணியில் திரை தைத்தாள். ஓரமெல்லாம் கைத்தையல். அவர்கள் இருவரும் கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்து செய்த பெரிய காரியம் இரண்டு பிள்ளைகளும் பெர்னீஸும்தான். அதில் பெர்னீஸ் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்டாள்.

போட்டோ போன மறுநாளே ட்ரூடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலில் ஒரு துள்ளல்.

"மிஸ்டர் ஸ்டக்கி, போட்டோ பாத்தேன். ரொம்ப அழகா இருக்கு. பாத்தா ரொம்பப் பழசு மாதிரி தெரியுதே?"

ஆர்லனுக்குக் குப்பென்று வியர்த்தது. மோப்பம் பிடித்துவிட்டாள்.

"மாதிரிதான், மேடம். இப்பல்லாம் பழைய பாணியில புதுசா செய்யறாங்கல்ல, அந்த வகை."

"ஓ," என்றாள் ட்ரூடி. "அந்த வகையா."

"ஆமா."

"கொஞ்சம்கூடப் பழசு இல்லையா? அடிச்சட்டம், அச்சு, கதவு, எதுவுமே?"

"ஒரு ஆணிகூடப் பழசு கிடையாது. சத்தியமா."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "இங்க இருக்கறவங்க எல்லாம் ஒரு தினுசு, சார். வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து தட்டிப் பாப்பாங்க. அப்புறம் உங்களுக்குத்தான் சங்கடம். நான் எல்லார்கிட்டயும் பேசிட்டுக் கூப்பிடறேன்."

"நம்பல," என்றார் ஆர்லன் போனை வைத்துவிட்டு. "அவ நம்பல. இன்னும் புதுசாத் தெரியணும்."

"உண்மையைச் சொல்லிடேன்," என்றாள் நெல்டா. "கோழிக்கூண்டா இருந்ததைக் கோயில் மாதிரி ஆக்கினேன்னு சொல்லு. மனுஷங்கதானே, புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"புரிஞ்சுக்கிட்டு, 'ரொம்பச் சந்தோஷம், வேற இடம் பாருங்க'ன்னு சொல்வாங்க. இதுவரைக்கும் எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க."

அடுத்த வீட்டு ராஸ்கோவிடம் யோசனை கேட்டதுதான் ஆர்லன் செய்த அடுத்த தப்பு. ராஸ்கோ ஒரு பஸ் நீளத்துக்குப் புத்தம்புது மோட்டார் வீடு வைத்திருக்கிறவர். அதில் பாத்திரம் கழுவும் மெஷின்கூட உண்டு. அந்த வண்டி முக்கால்வாசி நாள் பழுதுபார்க்கும் கடையில் நிற்கும்.

"யோவ், புது வண்டின்னா பக்கவாட்டுல வளைவு வளைவா ஸ்டிக்கர் இருக்கணும்யா," என்றார் ராஸ்கோ. "பழுப்பு, சாம்பல், கறுப்பு. அது இல்லாத புது வண்டியை நீ எங்கயாவது பாத்திருக்கியா? அடியில நீல விளக்கு எரியணும். ஜன்னல்ல சாம்பல் கலர்ல பிளைண்ட்ஸ் தொங்கணும். உன் பெண்டாட்டி தொங்கவிட்டிருக்கற பழக்கடை எல்லாம் ஆகாது."

"அது செர்ரி," என்றார் ஆர்லன்.

"எதுவா இருந்தா என்ன, கழட்டு."

ஆர்லன் ஸ்டிக்கர் வாங்கி வந்தார். பளபளவென்று தேய்த்த அலுமினியத்தின்மேல் அந்தப் பழுப்பு வளைவை ஒட்டினார். ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தார். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு யாரோ மீசை வரைந்துவிட்ட மாதிரி இருந்தது. ராஸ்கோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நெல்டா திரைகளைக் கழற்றினாள். மடித்து மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தாள்.

"ஒரு கோடைக்குத்தான், நெல்டா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ ஒண்ணும் சொல்லாம இருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"எனக்காகத்தானே பொய் சொல்றே. அதான் வாயை மூடிட்டிருக்கேன். இல்லேன்னா உன்னை இந்த ஸ்டிக்கரோட சேத்து ஒட்டியிருப்பேன்."

புது போட்டோ போயிற்று. ட்ரூடியிடமிருந்து பதில் இல்லை. நெல்டாவுக்கு மறுபடி ஒருநாள் வாசலில் தலை சுற்றியது. ஆர்லன் அதற்குமேல் காத்திருக்கவில்லை. பிக்கப்பின் பின்னால் பெர்னீஸைப் பூட்டினார், கிளம்பினார்.

மலை ஏற ஆரம்பித்ததும் காற்று ஸ்டிக்கரின் முனையைப் பிடித்துக்கொண்டது. படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. ஆர்லன் ஓரங்கட்டி டேப் போட்டார். அடுத்த வளைவில் டேப்பும் சேர்ந்து அடித்துக்கொண்டது. பிறகு நீல விளக்குகள் பட்டப்பகலில் தாமாகவே எரியத் தொடங்கின. அணைக்கப் போனால் மின்ன ஆரம்பித்தன. சரி, மின்னாமல் எரிந்தால் போதும் என்று ஒரு கம்பியை இழுத்தார். பிரேக் விளக்கும் கூடச் சேர்ந்து மின்னியது.

பெட்ரோல் பங்கில் ஒரு அம்மா குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பெர்னீஸின் கதவருகே வரிசையில் நின்றாள்.

"ஐஸ்கிரீம் என்னென்ன இருக்கு?" என்று கேட்டாள்.

நெல்டா அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சிரித்தாள். ஆர்லன் சிரிக்கவில்லை. அங்கிருந்தே ட்ரூடியைக் கூப்பிட்டார்.

"மேடம், பாதி வழிக்கு மேல வந்தாச்சு. சாயங்காலத்துக்குள்ள அங்க இருப்போம்."

"கிளம்பிட்டீங்களா?" ட்ரூடி பதறிவிட்டாள். "மிஸ்டர் ஸ்டக்கி, நான் உங்களைக் கூப்பிடணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தள்ளிப் போட்டுட்டேன். புது போட்டோவை எல்லாரும் பாத்தாங்க. அந்த ஸ்டிக்கர் இருக்கே..."

"அழகா இருக்குல்ல? கம்பெனி ஸ்டிக்கர்."

"அதான் சார். அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும்..."

"மேடம், மலைக்குள்ள போறோம், சிக்னல் போகுது."

சிக்னல் போகவில்லை. ஆர்லன்தான் போனைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு அணைத்தார்.

"இப்படி ஒரு நடிப்பை நான் பாத்ததே இல்ல," என்றாள் நெல்டா.

"நேர்ல போய் நின்னா துரத்த மனசு வராது. நீ கொஞ்சம் தளர்ந்த மாதிரி உக்காந்துக்கோ."

"தளர்ந்துதான் உக்காந்திருக்கேன்."

கடைசித் திருப்பத்தில் பைன் மரங்கள் அடர்ந்தன. காற்று சில்லென்று முகத்தில் பட்டது. மரங்களுக்கு அப்பால் எங்கோ கீழே தண்ணீர் கல்லில் மோதி ஓடுகிற சத்தம் கேட்டது. நெல்டா கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆர்லன் அவள் முகத்தைப் பார்த்தார். இதற்காக இன்னும் நூறு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று தோன்றியது.

பார்க் வாசலில் குறுக்கே ஒரு மரக்கட்டை. பக்கத்தில் உருண்டையாக ஒரு பழைய குட்டி டிரெய்லர், அதன் ஜன்னலெல்லாம் சிவப்புப் பூச்செடி.

"பாத்தியா," என்று ஆர்லன் கிசுகிசுத்தார். "பழசையெல்லாம் பூந்தொட்டியா ஆக்கி வெச்சிருக்காங்க. எவ்வளவு இளக்காரம் பாரு."

அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து வந்தார். தோள்பட்டை வார் போட்ட கால்சட்டை, ஒல்லி உடம்பு, சிரிக்காத முகம். பேர் எமரி என்றார். ஆர்லன் இறங்கிக் கை கொடுத்தார். நெல்டாவும் இறங்கி வந்தாள். எமரி இருவரையும் விட்டுவிட்டு பெர்னீஸைத்தான் பார்த்தார். படபடத்துக்கொண்டிருந்த ஸ்டிக்கரையும் மின்னிக்கொண்டிருந்த நீல விளக்கையும் பார்த்து, பல்வலிக்காரர் போல முகத்தைச் சுளித்தார்.

"நாலு வருஷத்து வண்டி," என்றார் எமரி.

"ஆமா," என்றார் ஆர்லன். "ரொம்பப் புதுசு."

எமரி விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டினார். "இப்ப வர்றதெல்லாம் அட்டை, ஐயா. நாலு ஸ்டேப்ளர் அடிச்சு, பசையை ஊத்தி, அனுப்பிடறான். ரெண்டு மழைக்கு ஊறிடும்."

ஆர்லன் பல்லைக் கடித்தார். "ஊறாது."

"இந்த ரிவிட்டைப் பாருங்க. மெஷின் அடிச்சது. வரிசை நல்லா இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு மனுஷன் கை பட்ட அடையாளம் இருக்கா?"

ஆர்லனின் காதுமடல் சிவந்தது. அந்த ரிவிட்டுகளில் ஒன்றை அடிக்கும்போதுதான் அவர் இடது கட்டைவிரல் நகம் போயிற்று. இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது. வாயைத் திறந்தார். நெல்டா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம், ஆர்லன்," என்றாள் மெல்ல. "ஆறு கேக்குது பாரு."

உண்மையைச் சொல்லிவிடு என்று அன்றைக்குச் சொன்னவள் அவள்தான். ஆர்லன் அவளைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். வாழ்நாளில் அவர் விழுங்கியதிலேயே பெரிய வார்த்தை அதுதான்.

எமரி எட்டி ஜன்னலுக்குள் பார்த்தார். கிளம்புகிற அவசரத்தில் நெல்டா சமையல் மேடைக்கு மேலே ஒரே ஒரு செர்ரித் திரையைத் திருட்டுத்தனமாகத் திரும்ப மாட்டியிருந்தாள். அது ஆர்லனுக்கே தெரியாது.

"திரையும் அப்படித்தான்," என்றார் எமரி. "பழசு மாதிரி தெரியட்டும்னு பூ, பழம் எல்லாம் அச்சடிச்சு விக்கறான். ஃபேக்டரி தையல்."

நெல்டாவின் கை ஆர்லனின் கையிலிருந்து நழுவியது.

"என்ன தையல்?" என்றாள்.

"ஃபேக்டரி தையல், அம்மா."

"நெல்டா," என்றார் ஆர்லன். "ஆறு. ஆறு கேக்குது."

"ஆறு கெடக்குது," என்றாள் நெல்டா. கதவைத் திறந்து உள்ளே போனாள். திரையைக் கம்பியோடு பிடுங்கிக்கொண்டு வந்து எமரியின் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "இந்த ஓரத்தைப் பாருங்க. எந்த ஃபேக்டரில இப்படித் தைப்பான்? ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்து என் கையால தைச்சது. கண்ணாடி பவர் ஏறினது இதனாலதான். ஃபேக்டரியாம்."

ஆர்லனுக்கு அதற்குமேல் என்ன தடை? ஸ்டிக்கரின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். பழுப்பு வளைவு முழுசாக உரிந்து வந்தது. அடியிலிருந்து பெர்னீஸ் மலை வெயிலில் பளீரென்று மின்னினாள்.

"நாலு வருஷமாம், நாலு வருஷம்," என்றார். "சொன்னவன் நான்தான், பொய் சொன்னேன். இவ பிறந்தது அறுபத்திரண்டுல. இந்த ரிவிட் ஒவ்வொண்ணும் நான் அடிச்சது. இதோ பாருங்க நகம். இவளுக்குள்ள கோழி முட்டை போட்டுக்கிட்டிருந்தது, ஐயா. இன்னிக்கு இவளை இழுத்துக்கிட்டு எந்த ஊர் வாசல்லயும் நான் தலை நிமிந்து நிப்பேன். அட்டையாம். உங்க விதியை மடிச்சு நீங்களே வெச்சுக்கங்க."

குனிந்து பெர்னீஸின் அடியிலிருந்து கம்பியைப் பிடுங்கினார். நீல விளக்கு அணைந்தது.

 மரங்களுக்குப் பின்னாலிருந்து ஆற்றின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது நெல்டாவின் காதிலும் விழத்தான் செய்தது. அவள் திரையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியின் முன்பக்கம் நடந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் தலை குனியவில்லை.

"வா, ஆர்லன். பெர்னீஸை வேண்டாம்னு சொல்ற இடத்துல எனக்குத் தூக்கம் வராது."

"வேற ஆறு பாத்துத் தர்றேன்," என்றார் ஆர்லன். 

"தராட்டிப் போ. நீ கோழிக்கூண்டைத் தேய்ச்சப்போ ஊரே சிரிச்சுது, நான் சிரிக்கல. இப்பவும் அப்படித்தான்."

ஆர்லனுக்கு அப்போது இருந்த பெருமைக்கு, பெர்னீஸை அந்தக் குறுகலான பாதையில் ஒரே மூச்சில் பின்னோக்கி எடுத்து மலையிறங்கியிருப்பார். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தார். நிமிர்ந்து பார்த்தால், எமரி குறுக்கே கிடந்த மரக்கட்டையை முழு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அதைத் தூக்க வேணாம்," என்றார் ஆர்லன் ஜன்னல் வழியாக. "நாங்க திரும்பறோம்."

எமரி தொப்பியைக் கழற்றி பெர்னீஸின் பக்கம் ஒருதரம் தலை வணங்கினார்.

"எங்க திரும்பறது? ஐம்பது வயசுக்குக் குறைஞ்ச வண்டிக்கு இந்த பார்க்ல இடமே கிடையாது, ஐயா. உங்களை நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பத்தான் நீங்க போன் பண்ணினதிலேருந்து என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க."